ஷூ கம்பெனிக்கு ஜெர்மன், லாட்ஜுக்கு வங்காளம்: எந்த வெப்சைட்டுக்கு எந்த மொழி?

ஆம்பூர், ராணிப்பேட்டை, மேல்விஷாரம் பக்கம் தோலோ ஷூவோ ஏற்றுமதி செய்கிற கம்பெனிகளின் வெப்சைட்டைத் திறந்தால், சிலவற்றில் மேல் மூலையில் ஐந்தாறு கொடிகள் வரிசையாக நிற்கும். ஜெர்மன் கொடியைத் தொட்டால் முகப்பு மட்டும் ஜெர்மனில் வரும். உள்ளே போனதும் பழைய இங்கிலீஷ்தான். அப்படியே வேலூருக்கு வந்து சிஎம்சி ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள சந்துகளில் நடந்தால் லாட்ஜ், மெஸ், மருந்துக் கடை போர்டுகளில் வங்காளமும் இந்தியும் கண்ணில் படும். அதே லாட்ஜுக்கு வெப்சைட் இருந்தால் அது இங்கிலீஷில் மட்டும் இருக்கும். போர்டு எழுதிய பெயிண்டருக்குத் தெரிந்த விஷயம் வெப்சைட் போட்டுக் கொடுத்தவருக்குத் தெரியவில்லை.

எடுக்க வேண்டிய முடிவுகளை இரண்டு கற்பனை வாடிக்கையாளர்களை வைத்துப் பார்க்கலாம். ஒருவர் ஆம்பூரில் ஷூ ஏற்றுமதி செய்பவர், எட்டுப் பக்க வெப்சைட் வைத்திருப்பவர். இன்னொருவர் சிஎம்சி பக்கத்தில் முப்பது ரூம் லாட்ஜ் நடத்துபவர், நாலு பக்கம் போதும். இருவருக்கும் ஒரே விடை பொருந்தாது.

எத்தனை மொழி

ஷூ கம்பெனிக்கு மூன்று வழி: இங்கிலீஷ் மட்டும், இங்கிலீஷோடு இன்னொன்று, இல்லாவிட்டால் அந்தக் கொடி வரிசை. ஐரோப்பாவில் பெரிய அளவில் வாங்குகிற பையர், ஜெர்மன்காரரோ இத்தாலியரோ, கொள்முதல் வேலையைப் பெரும்பாலும் இங்கிலீஷில்தான் பார்க்கிறார். சாம்பிள் கமெண்ட், பர்ச்சேஸ் ஆர்டர், லேப் ரிப்போர்ட் எல்லாமே இங்கிலீஷ். அவருக்காக ஜெர்மன் பக்கம் போடுவது கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்கு இரண்டாவது இலை போடுவது மாதிரி. ஜெர்மன் பலன் தருவது சிறு ஆட்களிடம்: இருநூறு ஜோடி வாங்கும் கடைக்காரர், பெல்ட், பை தைக்கும் பட்டறைக்காரர், சின்ன இறக்குமதியாளர். இவர்கள் கூகுளில் தங்கள் மொழியில் தேடுகிறார்கள். அவர்களைப் பிடிக்க வேண்டும் என்று நினைத்தால் மட்டும் இரண்டாவது வழிக்குப் போகலாம்.

மூன்றாவது வழியின் கணக்கு இது. எட்டுப் பக்கம், ஐந்து மொழி, மொத்தம் நாற்பது பக்கம். புதிதாக ஒரு சான்றிதழ் வந்தால் ஐந்து இடத்தில் மாற்ற வேண்டும். முதல் வருடம் மாற்றுவார்கள். இரண்டாம் வருடம் இங்கிலீஷ் பக்கத்தில் புதிய சான்றிதழும் ஸ்பானிஷ் பக்கத்தில் காலாவதியானதும் இருக்கும். பையர் இரண்டையும் பார்த்தால் எதை நம்புவார்?

லாட்ஜின் கதை வேறு. அங்கே வருகிறவர் மேற்கு வங்கம், திரிபுரா, அசாம், ஜார்க்கண்ட், பங்களாதேஷிலிருந்து நோயாளியோடு வருகிறவர். ரயில் காட்பாடி ஜங்ஷனை நெருங்கும்போது மொபைலில் ரூம் தேடுகிறவர். அவருக்கு வங்காளம் முதலில், இந்தி அடுத்து, இங்கிலீஷ் கடைசியில். அசாமிக்குத் தனிப் பக்கம் தேவையில்லை. எழுத்து ஏறக்குறைய வங்காளமேதான், இரண்டே எழுத்து வேறு. மொழி புரியாதவருக்கு இந்திப் பக்கம் கைகொடுக்கும். நாலு பக்கம், மூன்று மொழி, பன்னிரண்டு பக்கம்: வாடகை மாறினால் ஒரு மணி நேரத்தில் திருத்திவிடலாம்.

இரண்டு பேருக்கும் பொதுவான அளவுகோல் ஒன்றுதான். ஒரு மொழியில் பக்கம் போட்டால் அந்த மொழியில் போன் வரும், மெயில் வரும். எடுத்துப் பேச ஆள் இருக்கிற மொழிக்கு மட்டும் பக்கம் போடுங்கள். சிஎம்சி பக்கத்து லாட்ஜில் வங்காளம் பேசுகிற பையன் அநேகமாக கவுண்டரிலேயே இருப்பான். ஆம்பூர் ஆபீஸில் ஜெர்மன் மெயிலுக்கு யார் பதில் எழுதுவது என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முகவரி எப்படி

இங்கும் மூன்று வகை. நாட்டுக்கு ஒரு டொமைன், அதாவது ஜெர்மனிக்கு டாட் டிஇ தனியாக. அடுத்து சப்டொமைன், டிஇ டாட் கம்பெனி டாட் காம். மூன்றாவது ஃபோல்டர், கம்பெனி டாட் காம் போட்டு சாய்கோடு போட்டு டிஇ.

ஜெர்மனியில் கிடங்கோ கிளையோ இருந்தால் மட்டும் டாட் டிஇ பொருந்தும். கூகுளுக்கு ‘இது ஜெர்மனிக்கான தளம்’ என்ற தெளிவான அடையாளம் கிடைக்கும். ஆனால் ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து ஆட்களும் ஜெர்மன் படிப்பவர்கள்தான், அவர்களை இது பின்னுக்குத் தள்ளும். டொமைன் ஒவ்வொன்றுக்கும் தனிப் புதுப்பிப்புத் தேதி, தனிப் பராமரிப்பு வேறு. சப்டொமைன் தொழில்நுட்ப வசதிக்காகச் செய்வது: ஜெர்மன் தளம் வேறு சர்வரில் ஓட வேண்டும் என்றால் சரி, இல்லையென்றால் வீண் சுற்று. நம் இரண்டு பேருக்குமே ஃபோல்டர்தான் நல்லது. ஒரே ஹோஸ்டிங், ஒரே எஸ்எஸ்எல், ஒரே பேக்கப், வெளியிலிருந்து வரும் இணைப்புகளின் மதிப்பும் ஒரே டொமைனில் சேரும். முகவரிக்குப் பின்னால் கேள்விக்குறி போட்டு மொழியைச் சேர்க்கிற நாலாவது வழியை கூகுளே வேண்டாம் என்கிறது.

இதில் உள்ளூர்ச் சிக்கல் ஒன்று உண்டு. பல கம்பெனிகள் டாட் இன் அல்லது டாட் கோ டாட் இன் வைத்திருக்கின்றன. அதை கூகுள் இந்தியாவுக்கான தளம் என்று எடுத்துக்கொள்ளும். லாட்ஜுக்கு அது பாதகமில்லை. ஏற்றுமதிக்காரர் டாட் காம் வாங்கி, பழையதிலிருந்து பக்கம் பக்கமாக 301 ரீடைரக்ட் (பழைய முகவரிக்கு வருகிறவரைப் புதியதற்கு நிரந்தரமாக அனுப்புகிற ஏற்பாடு) போட்டுவிடுவது நல்லது. முகப்புக்கு மட்டும் ரீடைரக்ட் போட்டு விட்டுவிட்டால் உள்பக்கங்களின் பழைய இணைப்பெல்லாம் செத்துப்போகும். தள உரிமையாளர்களுக்கு கூகுள் தருகிற சர்ச் கன்சோலில் நாட்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிற பழைய யூடியூப் பாடங்களை நம்ப வேண்டாம், அந்த வசதியை கூகுள் 2022 செப்டம்பரிலேயே எடுத்துவிட்டது.

எந்தப் பக்கத்துக்கு எந்த மொழிப் பக்கம் ஜோடி என்று கூகுளுக்குச் சொல்வது எச்ரெஃப்லாங் குறி. தவறுகள் இங்கேதான் அதிகம். இங்கிலீஷ் பக்கம் ஜெர்மன் பக்கத்தைக் காட்டினால் ஜெர்மன் பக்கமும் திருப்பி இங்கிலீஷைக் காட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கைகாட்டினால் கூகுள் அந்த ஜோடியை ஏற்காது. பிரிட்டனுக்கு ‘யுகே’ என்று போடுகிறார்கள், சரியான நாட்டுக் குறி ‘ஜிபி’. ஜப்பானிய மொழிக்கு ‘ஜேபி’ போடுகிறார்கள், அது நாட்டின் குறி, மொழிக்கு ‘ஜேஏ’. எந்த மொழியும் பொருந்தாதவருக்கு எக்ஸ்-டிஃபால்ட் என்று ஒரு வரி. எட்டுப் பக்கம், இரண்டு மொழி என்றாலே பதினாறு பக்கம், ஒவ்வொன்றிலும் மூன்று வரி, மொத்தம் நாற்பத்தெட்டு வரி. கையால் எழுதாமல் பிளகினிடமோ (தளத்தில் சேர்க்கும் துணை மென்பொருள்) சைட்மேப்பிடமோ (தளத்தின் பக்கப் பட்டியல் கோப்பு) விட்டுவிடுங்கள்.

மொழிபெயர்ப்பை யார் செய்வது

மிக மலிவான வழி, மூலையில் மொழிபெயர்ப்பு விட்ஜெட் ஒட்டுவது. கூகுள் தன் விட்ஜெட்டை 2019-லேயே புதிய தளங்களுக்குப் பொதுவாகத் தருவதை நிறுத்திவிட்டது, ஆனாலும் பழைய கோடிங்கை எங்கிருந்தோ எடுத்து இன்னும் ஒட்டுகிறார்கள். அதனால் பலன் என்ன? குரோம் பிரவுசரே பக்கத்தை மொழிபெயர்த்துத் தருகிறது. விட்ஜெட்டும் பார்ப்பவரின் பிரவுசருக்குள் அதே வேலையைத்தான் செய்கிறது. தனி முகவரி உண்டாகாததால் ஜெர்மனில் தேடுகிறவருக்கு அந்தப் பக்கம் கிடைக்கவே கிடைக்காது. இருப்பதையே இரண்டாம் முறை கொடுத்து, பக்கத்தை மெதுவாக்கி வைப்பது மட்டும்தான் மிச்சம்.

இரண்டாவது வழி மெஷினில் மொழிபெயர்த்து அப்படியே ஏற்றுவது. முழு வாக்கியமாகக் கொடுத்தால் இன்றைய மெஷின் நன்றாகவே செய்கிறது, குறை சொல்ல முடியாது. அது தடுமாறுவது அட்டவணையில். ஷூ கம்பெனியின் உயிர்நாடியே அந்த ஸ்பெசிஃபிகேஷன் அட்டவணைதான். கட்டத்துக்குள் ஒற்றைச் சொல் தனியாக நிற்கும், அர்த்தம் காட்டிக் கொடுக்கப் பக்கத்தில் ஆள் இருக்காது.

ஷூவுக்கு வடிவம் கொடுக்கிற அச்சுக்கட்டைக்கு இங்கிலீஷில் லாஸ்ட். ஜெர்மனில் லைஸ்டன் என்று வர வேண்டும். தனிச்சொல்லாகப் போனால் ‘கடைசி’ என்ற பொருளில் லெட்ஸ்டே என்று வந்து உட்கார்ந்துவிடலாம். தோலின் மேற்பரப்புக்கு கிரெய்ன், ஜெர்மனில் நார்பன். மெஷின் அதைத் தானியம் என்று எடுத்துக்கொண்டால் கோர்ன், அப்புறம் ஃபுல் கிரெய்ன் லெதர் ஃபோல்கோர்ன் லெதர் ஆகிவிடும். ஃபோல்கோர்ன் என்றால் ஜெர்மன்காரருக்கு முழுத்தானிய ரொட்டிதான் ஞாபகம் வரும். சரியான சொல் ஃபோல்நார்பன்லேடர். கூடவே க்ரஸ்ட் லெதரும் (பதனிட்டுக் காயவைத்த, இன்னும் மெருகேற்றாத தோல்) ‘குருஸ்டெ’ ஆகி ரொட்டியின் மேல்பொருக்காக வந்து சேர்ந்தால் டேனரியின் விலைப்பட்டியல் பேக்கரியின் விலைப்பட்டியலாகிவிடும். (பிரெஞ்சு, இத்தாலி, ஸ்பெயின்காரர்கள் அதே மேற்பரப்பைப் ‘பூ’ என்கிறார்கள்: ஃப்ளர், ஃபியோரே, ஃப்ளோர். இங்கிலீஷிலிருந்து சொல்லுக்குச் சொல் போட்டால் ஒரு மொழியிலும் கரைசேர முடியாது.)

மரியாதையிலும் இதே வம்பு. ஜெர்மனில் ‘டு’ நம் நீ, ‘ஸீ’ நம் நீங்கள். வியாபாரப் பக்கம் முழுக்க ‘ஸீ’தான் வர வேண்டும். மெனுவையும் பட்டன்களையும் துண்டு துண்டாக மெஷினுக்குக் கொடுத்தால், மேலே நீங்கள், கீழே நீ என்று கலந்து வரும்.

மூன்றாவது வழி ஆளை வைத்து முழுவதும் செய்வது. பக்கத்துக்கு 350 சொல் என்றால் எட்டுப் பக்கத்துக்கு 2,800 சொல், ஒரு முறை கொடுக்கிற செலவுதான். ஆனால் தோல் தொழில் தெரியாத மொழிபெயர்ப்பாளரிடம் போனால் மெஷின் செய்த அதே தவறு காசு கொடுத்து வாங்கியதாக இருக்கும். ஆகவே முதல் வேலை, அறுபது எழுபது சொல்லுக்கு ஒரு பட்டியல்: அப்பர், லைனிங், இன்சோல், ஸ்ப்ளிட், வெட் ப்ளூ, க்ரஸ்ட், லாஸ்ட் என்று ஒரு பக்கம் இங்கிலீஷ், எதிரே ஜெர்மன். தோல் கெமிக்கல் விற்கும் ஐரோப்பிய கம்பெனியின் டெக்னீஷியனோ பழைய பையரோ அரைமணி நேரம் பார்த்துத் திருத்தினால் போதும். டீப்எல், கூகுள் கிளவுட் என்ற இரண்டு மெஷின் மொழிபெயர்ப்புச் சேவையிலும் இந்தப் பட்டியலை ஏற்றிக்கொள்ளலாம். பட்டியலோடு மெஷின் முதல் படி, பிறகு தொழில் தெரிந்த ஜெர்மன்காரர் ஒருவர் வாசித்துத் திருத்துவது. ஷூ கம்பெனிக்கு எங்கள் ஓட்டு இதற்குத்தான்.

லாட்ஜுக்கு மெஷினே வேண்டாம். நாலு பக்கத்தில் ஐநூறு சொல் இருக்குமா? வங்காளம் எழுதத் தெரிந்தவர் ஒரு சாயந்திரத்தில் முடித்துவிடுவார். ஒன்று மட்டும் சொல்லிவிட வேண்டும்: தண்ணீருக்கு மேற்கு வங்கத்தில் பொதுவாக ‘ஜோல்’ என்பார்கள், பங்களாதேஷில் ‘பானி’ என்பார்கள். ‘சுடுதண்ணீர் உண்டு’ என்ற வரியில் இரண்டையும் சாய்கோடு போட்டு எழுதிவிட்டால் தனித்தனிப் பக்கம் தேவைப்படாது. பங்களாதேஷிலிருந்து வருகிறவருக்கு இன்னொரு வரி அவசியம்: பாஸ்போர்ட், விசா நகல் கொண்டு வர வேண்டும், வந்த 24 மணி நேரத்துக்குள் லாட்ஜ் அந்த விவரத்தை அரசிடம் பதிய வேண்டியிருக்கிறது என்று. ராத்திரி பதினொரு மணிக்கு கவுண்டரில் நடக்கிற வாக்குவாதம் பாதி குறையும்.

எழுத்தும் எண்ணும்

வங்காளப் பக்கத்தை டாக்கா பக்கத்து ஆள் டைப் செய்து அனுப்பினால் அது பழைய பிஜோய் முறையில் இருக்கலாம். நம் பாமினி எழுத்துருவை யூனிகோட் பெட்டியில் ஒட்டினால் எப்படிக் குப்பையாக வருமோ, அதேதான். யூனிகோடில்தான் வேண்டும் என்று முதலிலேயே கேளுங்கள். வாடகைப் பட்டியலை வாட்ஸப் போஸ்டராகச் செய்து படமாக ஏற்றுவதும் ஆகாது. படத்துக்குள் இருக்கிற எழுத்தைத் தேடுகிறவர் கண்டுபிடிப்பது அரிது, பிரவுசர் மொழிபெயர்ப்பும் அதைத் தொடாது.

இங்கிலீஷ் தலைப்புக்கு டிசைனர் எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டிருப்பார். அதே ஸ்டைல் வங்காளத்துக்கும் இந்திக்கும் போனால் சொல்லின் உச்சியில் ஓடுகிற கோடு துண்டு துண்டாக உடையும். லெட்டர் ஸ்பேசிங்கைச் சுழியமாக்குங்கள், வரி உயரத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

எண்ணில் இருக்கிற பள்ளம் இன்னும் ஆழம். வங்காள எழுத்தில் நாலு எழுதினால் பார்க்க நம் 8 மாதிரியே இருக்கும். வங்காள ஏழு நம் 9 மாதிரி. மொழிபெயர்த்தவர் வாடகை நானூறை வங்காள எண்ணில் எழுதிவிட்டால், பக்கத்தைச் சரிபார்க்கிற வேலூர் மேனேஜர் எண்ணூறு என்று படித்து ‘சரி’ என்பார். வாடகை, போன் நம்பர், தேதி மூன்றும் எல்லா மொழியிலும் 1, 2, 3 என்றே இருக்கட்டும்.

ஷூ கம்பெனியில் தகராறு புள்ளிக்கும் காற்புள்ளிக்கும். ஜெர்மன்காரருக்கு 1.200 ஜோடி என்றால் ஆயிரத்து இருநூறு, தோல் கனம் 1,2 மில்லிமீட்டர் என்றால் ஒன்று புள்ளி இரண்டு. நம் 1,25,000-ஐப் பார்த்தால் அச்சுப்பிழை என்று நினைப்பார். ஜெர்மன் பக்கத்தில் 125.000, இங்கிலீஷ் பக்கத்தில் 125,000. தேதியில் 03/04 என்று போட்டால் அமெரிக்கருக்கு மார்ச், பிரிட்டிஷ்காரருக்கு ஏப்ரல், மாதத்தை எழுத்தில் எழுதிவிடுங்கள்.

சைஸ் அட்டவணையும் அப்படியே. ஐரோப்பிய சைஸ் ஒன்றுக்கு மூன்றில் இரண்டு சென்டிமீட்டர், பிரிட்டிஷ் சைஸ் ஒன்றுக்கு மூன்றில் ஒரு அங்குலம், அதாவது 8.47 மில்லிமீட்டர். இரண்டும் ஒன்றுக்கொன்று நேராகப் பொருந்தாது, அதனால்தான் மாற்று அட்டவணைகள் கம்பெனிக்குக் கம்பெனி அரை சைஸ் தள்ளி நிற்கின்றன. பாத நீளத்தை மில்லிமீட்டரில் ஒரு பத்தியாகப் போட்டால் சண்டை தீரும். தோல் பரப்புக்குச் சதுர அடியோடு சதுர மீட்டரும் போடுங்கள், 1 சதுர மீட்டர் 10.764 சதுர அடி.

ஜெர்மன் சொற்களின் நீளம் டிசைனை உடைக்கும். இங்கிலீஷில் ‘பிரைவசி’ என்று ஏழெழுத்தில் முடிகிற மெனு, ஜெர்மனில் டாட்டன்ஷுட்ஸ்எர்க்லேருங், இருபது எழுத்து. இங்கிலீஷ் அளவுக்கு அகலம் பூட்டிய பட்டனில் வால் வெளியே தொங்கும். பட்டன் அகலத்தைப் பூட்டாதீர்கள், பக்கத்தின் மொழிக் குறியில் (எச்டிஎம்எல் லாங், மேலே சொன்ன எச்ரெஃப்லாங் வேறு) ஜெர்மன் என்று சரியாகக் கொடுங்கள். கூகுள் அந்தக் குறியைப் பார்த்து மொழியை முடிவுசெய்வதில்லை. ஆனால் நீளச் சொல்லைச் சரியான இடத்தில் உடைத்து மடிக்க பிரவுசருக்கும், வாசித்துக் காட்ட ஸ்கிரீன் ரீடருக்கும் அது வேண்டும்.

தானாக மாற்றுவதா, கேட்பதா

ஐபி முகவரியைப் பார்த்து ஜெர்மனியிலிருந்து வருகிறவரைத் தானாக ஜெர்மன் பக்கத்துக்குத் தள்ளிவிடலாம் என்று டெவலப்பர் ஆசை காட்டுவார். வேண்டாம். கூகுளின் தேடல் ரோபோ பெரும்பாலும் அமெரிக்க முகவரியிலிருந்து வருகிறது, எந்த மொழி வேண்டும் என்று சொல்வதும் இல்லை. தள்ளுகிற தளத்தில் அது ஒவ்வொரு முறையும் இங்கிலீஷுக்கே போய்ச் சேரும், ஜெர்மன் பக்கம் இருப்பதே அதற்குத் தெரியாமல் போகலாம். வேலூரில் உட்கார்ந்து இந்திய சிம்மில் தேடுகிற பங்களாதேஷ்காரரையும் இந்தியர் என்று எடுத்துக்கொண்டு வேறு மொழிக்குத் தள்ளிவிடும். மேலே ஒரு மெல்லிய பட்டையில் ‘ஜெர்மனிலும் இருக்கிறது’ என்று ஜெர்மனிலேயே சொல்லி, விருப்பத்தை அவரிடம் விடுங்கள். கொடி வேண்டாம்: வங்காளத்துக்கு எந்தக் கொடியைப் போடுவீர்கள்? மொழியின் பெயரை அந்த மொழியின் எழுத்திலேயே எழுதினால் போதும்.

பிளகின்

தளம் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் ஓடுகிறது என்றால் சுருக்கமாக. லாட்ஜுக்கு பாலிலாங் இலவசப் பதிப்பு போதும், ஒவ்வொரு மொழிப் பக்கமும் தனிப் பக்கமாக நம்மிடமே இருக்கும். ஷூ கம்பெனிக்கு நிறைய தயாரிப்புப் பக்கம் இருந்தால் டபிள்யூபிஎம்எல், காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். டிரான்ஸ்லேட்பிரஸ்ஸில் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே திருத்தலாம், டெக்னிக்கல் ஆள் இல்லாதவருக்கு வசதி. வீக்ளாட் மிகச் சுலபம், ஆனால் சொல் எண்ணிக்கைக்கு வாடகை, மொழிபெயர்ப்பு அவர்கள் சர்வரில். சந்தாவை நிறுத்திய அன்று ஜெர்மன் பக்கமும் நின்றுவிடும்.

ஜெர்மன் பக்கம் போட்டால் கூடவே வருவது

தனிநபர் தகவலைக் காக்கிற ஐரோப்பியத் தரவுச் சட்டம் (ஜிடிபிஆர்) ஒரு தளம் ஐரோப்பாவில் திறக்கிறது என்பதற்காக மட்டும் பாயாது. ஆனால் அங்குள்ள மொழியில், அங்குள்ள நாணயத்தில் ஆர்டர் வாங்க வழி செய்திருந்தால், அங்குள்ளவர்களை நோக்கியே தொழில் செய்கிறீர்கள் என்பதற்கு அதை ஓர் அடையாளமாக எடுத்துக்கொள்ளும். ஆகவே இங்கிலீஷ் கேட்டலாகிலிருந்து ஜெர்மன் கடைக்கு மாறுவதை வெறும் மொழிபெயர்ப்பு வேலை என்று நினைத்துவிடக் கூடாது. எழுத்துருவில்கூடக் கவனம் வேண்டும். கூகுள் ஃபாண்ட்ஸை கூகுள் சர்வரிலிருந்தே இழுத்து, பார்வையாளரின் ஐபி முகவரியைக் கைமாற்றிய ஒரு தளத்துக்கு எதிராக 2022 ஜனவரியில் முனிச் நீதிமன்றம் 100 யூரோ இழப்பீடு விதித்தது. எழுத்துரு கோப்புகளை நம் சர்வரிலேயே வைத்துக்கொள்வது பத்து நிமிட வேலை.

தோலில் குரோமியம் சிக்ஸ் (குரோமியத்தின் கேடான வகை) அளவைப் பையர் தேடிப் பார்ப்பார். மனித உடலில் படுகிற தோல் பொருட்களுக்கு ஐரோப்பிய வரம்பு கிலோவுக்கு 3 மில்லிகிராம், 2015 மே 1 முதல். ‘ரீச் விதிப்படி’ (ரீச் என்பது ஐரோப்பிய ரசாயன விதி) என்று பொதுவாக எழுதாமல் இந்த எண்ணையும் லேப் ரிப்போர்ட் தேதியையும் இரண்டு மொழியிலும் போடுங்கள்.

தளம் தயாரானதும் என்கொயரி ஃபாரத்தை வெளியூர்க்காரராக நீங்களே நிரப்பிப் பாருங்கள். மேலே இரண்டு புள்ளி வைத்த உம்லவுட் எழுத்தோடு ஒரு ஜெர்மன் பெயர், ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு, 49-ல் தொடங்கும் போன் நம்பர். பின்கோடு ஆறு இலக்கம், மொபைல் பத்து இலக்கம், மாநிலம் கட்டாயம் என்று இந்தியக் கணக்கில் பூட்டிய ஃபாரம் அங்கேயே மறித்துவிடும். மறிக்காவிட்டால் ஆபீஸுக்கு வந்து சேர்ந்த மெயிலைத் திறந்து பெயர் முழுசாக இருக்கிறதா, இரண்டு மூன்று வினோதக் குறிகளாக உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். உடைந்திருந்தால் எங்கேயோ யூடிஎஃப்-8 (யூனிகோட் எழுத்தைச் சேமிக்கிற முறை) விட்டுப்போயிருக்கிறது. அப்புறம் உங்கள் நம்பர்: வேலூர் 0416, ஆம்பூர் 04174 என்று போட்டிருந்தால் முன்னால் உள்ள சுழியத்தை எடுத்துவிட்டு +91 சேர்த்து எழுதுங்கள். சுழியத்தோடு வெளிநாட்டிலிருந்து அடித்தால் மணியே அடிக்காது.